அரண்மனை போனது, கூட்டு ரோடு நின்றது

வேலை மாற்றலாகிச் செஞ்சிக்கு வரும் ஆசிரியருக்கும் வங்கி ஊழியருக்கும் வருவாய்த்துறை எழுத்தருக்கும் முதல் வாரத்திலேயே தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வீட்டை எங்கே பார்ப்பது? வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலா, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலா, இல்லை திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ குடும்பத்தை வைத்துவிட்டுத் தினமும் வந்துபோவதா? வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தண்ணீர் வசதி என்று ஆளுக்கொரு கணக்குப் போட்டு விடை தேடுகிறார்கள். செஞ்சியின் பழைய வரலாற்றை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்கவேண்டும் என்பது என் கட்சி. கடந்த நானூறு ஆண்டுகளில் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்களில், வேலை கொடுத்தவரின் வாசலை ஒட்டிக் குடியேறியவர்கள் அவர் போனபோது கூடவே கிளம்பவேண்டியதாயிற்று. நாலு திசைக்கும் வழி பிரிகிற இடத்தில் கூடிய ஊர்தான் இன்றும் ஊராக இருக்கிறது.

முதலில் கோட்டையைப் பார்ப்போம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து நடுவே நகரை வைத்த அமைப்பு அது. விஜயநகரத்துக்கு அடங்கிய நாயக்கர்கள் ஆண்ட காலத்தில் செஞ்சி பெருநகரமாயிற்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிருஷ்ணப்ப நாயக்கரைக் காண வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெண்டா, இந்தியாவில் தாம் பார்த்த நகரங்களிலேயே இதுதான் பெரியது என்றும், லிஸ்பனை விட்டால் போர்ச்சுகலில் இதற்கு இணையான நகரம் இல்லை என்றும் எழுதிவைத்தார். அவ்வளவு பெரிய ஜனக்கூட்டம் எதை நம்பி வாழ்ந்தது? ராஜகிரி அடிவாரத்தில் இன்று போய் நின்றாலே விடை தெரியும். அடுக்கடுக்காக எழும்பும் கல்யாண மகால், அதையொட்டி வரிசையாக வளைவுக் கூரை போட்ட சிறு அறைகள், குதிரை லாயம் என்று சிலரும் சிப்பாய்கள் தங்கிய இடம் என்று சிலரும் சொல்பவை, அருகிலேயே ஆளுயரத்தைப் பலமடங்கு தாண்டும் சுவர்களோடு தானியக் களஞ்சியம், ஆனைக்குளம். படைவீரனின் படுக்கையும், அவன் குதிரையின் கொட்டடியும், அவனுக்கு அளந்த நெல்லும், அளக்கச் சொன்ன ராஜாவின் வீடும் கூப்பிடு தூரத்துக்குள் அடங்கிவிட்டன. வேலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கவேண்டும் என்ற ஆசை இதற்குமேல் நிறைவேற முடியாது.

அந்த ஏற்பாட்டின் பலவீனம் முற்றுகைக் காலத்தில் தெரிந்தது. 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி, நாயக்கர்களுக்குப் பின் செஞ்சியை வைத்திருந்த பிஜப்பூர்காரர்களிடமிருந்து அதைப் பிடித்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து அவர் மகன் ராஜாராம் முகலாயர்களிடமிருந்து தப்பி இங்கே வந்து சேர்ந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகை போட்டு, 1698இல்தான் கோட்டையைப் பிடித்தார். இடைப்பட்ட எட்டாண்டுக் கதையில் கவனிக்கவேண்டியது, உள்ளே இருந்தவர்கள் மட்டுமல்லாமல் வெளியே வளைத்திருந்தவர்களும் பட்டினி கிடந்தார்கள் என்பது. மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் குதிரைப் படையோடு வந்து சாலைகளை மறித்துத் தானிய வரத்தை அறுத்தபோது, 1693 தொடக்கத்தில் முகலாயப் படை முற்றுகையை விட்டுவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. கீழ்க்கோட்டையின் இரண்டு பெரிய வாசல்களில் வடக்கு வாசல் ஆர்க்காட்டுப் பக்கமும் கிழக்கு வாசல் புதுச்சேரிப் பக்கமும் பார்க்கின்றன. தானியமும் துணியும் வெடிமருந்தும் பணமும் இந்த இரண்டு திசையிலிருந்துதான் வந்தன. கடற்கரையோடு இருந்த இந்தத் தொடர்பு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு ஒரு சான்று போதும்: கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை, பின்னாளில் புனித டேவிட் கோட்டையானதை, ஆங்கிலேயர்கள் 1690இல் விலைக்கு வாங்கியது செஞ்சி தர்பாரிடமிருந்துதான்.

பிறகு வந்தது கோட்டை நகரத்தை முடித்துவைத்த மாற்றம். செஞ்சியைப் பிடித்த முகலாயர்கள் கர்நாடகப் பகுதியின் தலைமையிடத்தை இங்கேயே வைத்துக்கொள்ளவில்லை. நவாப் தாவூத் கான் காலத்தில் தொடங்கி, நவாப் சாதத்துல்லா கான் காலத்துக்குள் ஆர்க்காடு தலைமையிடமாக நிலைபெற்றுவிட்டது. 1714இல் சாதத்துல்லா கானை எதிர்த்து மாண்ட தேசிங்கு ராஜனைத் தமிழ்நாடு கதைப்பாட்டில் வைத்துப் பாடிக்கொண்டிருக்கிறது. ஆனால் தேசிங்கு போரிட்ட காலத்திலேயே அதிகாரம் செஞ்சியை விட்டுப் போயிருந்தது. வென்ற நவாப்பின் பெயரால் கோட்டைக்குள் 1717–18இல் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. அரசாங்கக் கச்சேரி மட்டும் திரும்பி வரவில்லை. கச்சேரி போனால் கணக்கு எழுதுகிறவர் போவார், அவருக்குத் துணி தைக்கிறவர் போவார், குதிரைக்கு லாடம் கட்டுகிறவர் போவார். அப்படி ஆர்க்காட்டுக்குப் போனவர்களின் வாரிசுகளும் அங்கே நிம்மதியாக வேர்விட முடியவில்லை. நவாப் முகமது அலி சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1768இல் சேப்பாக்கம் அரண்மனை எழுந்ததும், அரண்மனையை நம்பியவர்கள் திருவல்லிக்கேணிக்கு மூட்டை கட்டினார்கள். இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறைக்குள் இரண்டு முறை வீடு மாற்றம். வேலை கொடுப்பவரை ஒட்டிக் குடியிருப்பதற்குக் கொடுத்த விலை அது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். செஞ்சி காலியானதற்குப் போரும் நோயும் காரணம், சாலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நோய் பொய்யல்ல. செஞ்சியின் தண்ணீரும் காற்றும் உடம்புக்கு ஆகாது என்பதுதான் தலைமையிடத்தை மாற்றுவதற்கு அன்று சொன்ன காரணம். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்த பிறகு, 1761இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை பிரெஞ்சுக்காரர்கள் இங்கே காவல்படை வைத்திருந்தார்கள். அந்தப் பத்தாண்டில் நோயாலேயே பெருந்தொகையான ஐரோப்பியச் சிப்பாய்களை இழந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் இன்றைய செஞ்சி ஊர் கோட்டையிலிருந்து கிழக்கே இரண்டு கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அதே பாறைக் குன்றுகள், அதே வெயில், கிட்டத்தட்ட அதே தண்ணீர். நோய்க்காக தர்பார் ஓடியது புரிகிறது. கடைக்காரரும் வண்டிக்காரரும் ஏன் ஓடவில்லை என்பதை நோய் விளக்கவில்லை. அவர்களுக்குப் படியளந்தவர் நவாப் அல்லர், சாலையில் போய்வருகிறவர். கிழக்கே திண்டிவனம் வழியாகக் கடற்கரைக்கும், மேற்கே திருவண்ணாமலைக்கும், வடக்கே சேத்துப்பட்டு, ஆரணி வழியாக ஆர்க்காட்டுக்கும், தெற்கே விழுப்புரத்துக்கும் பிரிகிற வழிகள் ராஜா மாறினாலும் கொடி மாறினாலும் தடம் மாறாமல் கிடந்தன.

வழிதான் ஊரைத் தீர்மானிக்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டு இன்னொரு விதமாக, செஞ்சிக்கு நட்டமாகவே, மெய்ப்பித்தது. தென்னிந்திய ரயில்வே 1870களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்குப் பாதை போட்டது. 1890களின் தொடக்கத்தில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கு இன்னொரு பாதை போனது. ஒன்று செஞ்சிக்குக் கிழக்கே, மற்றொன்று மேற்கே. நடுவில் செஞ்சி தண்டவாளம் இல்லாமல் நின்றது. கோட்டையோ தர்பாரோ இல்லாத விழுப்புரம் என்ன ஆயிற்று என்று பாருங்கள். செங்கல்பட்டு, புதுச்சேரி, காட்பாடி, கடலூர், விருத்தாசலம் என்று ஐந்து திசைக்கு ரயில் பிரியும் ஜங்ஷனாக வளர்ந்தது. 1993இல் தென்னார்க்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது புதிய மாவட்டத்தின் தலைநகர் பதவி விழுப்புரத்துக்குக் கிடைத்தது. நாயக்கரும் மராட்டியரும் தலைநகராக ஆண்ட செஞ்சி அதில் ஒரு வட்டம். இதில் செஞ்சிக்காரர்களுக்கு வருத்தம் இருக்கலாம். எனக்குத் தெரிந்து அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை: அரசாங்கமே வீடு பார்க்கும்போது பழம்பெருமையைப் பார்க்கவில்லை, வண்டி வசதியைத்தான் பார்த்தது.

செஞ்சியை மறுபடி ஊராக்கியது பஸ். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ரூட்டையும் நேரத்தையும் பர்மிட்டில் எழுதிக் கட்டுப்படுத்தியது. இன்ன நேரத்துக்கு இன்ன இடத்தில் வண்டி நிற்கும் என்ற உறுதி வந்த பிறகுதான் ஒரு ஊரில் வேலையும் இன்னொரு ஊரில் வீடும் சாத்தியமாயிற்று. 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. இன்று அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம். ரயில் ஒதுக்கிவிட்டுப் போன அதே கூட்டு ரோடு, பஸ் காலத்தில் செஞ்சிக்குச் சொத்தாயிற்று. கிழக்கு மேற்காகப் போகும் வண்டியும் தெற்கு வடக்காகப் போகும் வண்டியும் இங்கே சந்திக்கின்றன. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடுகள் வருவதும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குச் சுற்றுவட்டாரத்து நெல் மூட்டைகள் வருவதும் அந்தச் சந்திப்பினால்தான். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கும், பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலத்துக்கும் போகிற கூட்டம் செஞ்சி வழியாகப் பாய்கிறது. சிறப்புப் பேருந்துகளும் விடுகிறார்கள். இங்கே பஸ்ஸை நம்பி வேலைக்குப் போகிறவர், மாதத்தில் அந்த இரண்டு நாளையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு முன்னதாகவே கிளம்பிவிடுவது நல்லது.

மாற்றலாகும் வேலை என்பதே நம் கிராமங்களுக்கு அவ்வளவு பழையதல்ல என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். மணியக்காரரும் கர்ணமும் பரம்பரையாக அந்தந்த ஊரிலேயே இருந்தார்கள். வீடு எங்கே என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. அவற்றின் இடத்தில் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பிறப்பால் வந்த அதிகாரத்தை நீக்கிப் படித்த யாரும் வரலாம் என்று ஆக்கிய அந்த முடிவு மிகச் சரியானது. ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர், தாம் பொறுப்பேற்ற கிராமத்திலேயே குடியிருக்கவேண்டும் என்ற விதியும் கூடவே வந்தது. வாடகைக்கு விட வீடே இல்லாத கிராமத்தில், நாளைக்கு நாலு ட்ரிப் மட்டும் டவுன் பஸ் வரும் கிராமத்தில், மனைவிக்கு வேறு ஊரில் வேலை இருக்கையில் அந்த விதியை எப்படிக் கடைப்பிடிப்பது? பலர் செஞ்சியிலும் திண்டிவனத்திலும் வீடு எடுத்தார்கள். ஊர்மக்கள் சான்றிதழுக்கு அலைகிறார்கள் என்ற புகாரும் நியாயமானதே. இருந்தாலும், இரண்டு மூன்று ஆண்டில் வேறு கிராமத்துக்கு மாற்றலாகப்போகிறவரிடம் குடும்பத்தோடு இங்கேயே வந்து இரு என்று சொல்வது, ராஜாவின் லாயத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொள் என்று சொன்ன பழைய ஏற்பாட்டின் மிச்சம். மாற்றல் வந்தாலும் வீட்டை மாற்றவேண்டாத இடத்தில் குடியிருப்பதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். செஞ்சி போன்ற கூட்டு ரோட்டு ஊர் அதற்குத் தோது. ஆசிரியர்களின் மாற்றல் கலந்தாய்வில் பள்ளியின் பெயரைக் கேட்டதும் ‘அது பஸ் ரூட்டா?’ என்று விசாரிக்கிறார்களே, அந்தக் கேள்வியில் இந்த அனுபவம் முழுவதும் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகை கூடுதல், இரைச்சல் வேறு என்பார்கள். உண்மைதான். ஆனால் வாடகையைத் தனியாகப் பார்ப்பது பாதிக் கணக்கு. வாடகையோடு மாதப் பயணச் செலவையும், வழியில் போகும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால்தான் வீட்டின் உண்மை விலை தெரியும். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் பயணம் செய்கிறார்கள். வெளியூர் வண்டிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆகவே ஒரு பெண் ஊழியருக்குச் செஞ்சியில் வீடு, ஆலம்பூண்டிப் பக்கமோ வல்லம் பக்கமோ வேலை என்றால், டவுன் பஸ் ஓடும் தடத்தில் மாதப் பயணச் செலவு இல்லாமலே போய்விடும். அதே வேலைக்குத் திண்டிவனத்திலிருந்து வெளியூர் வண்டியில் வந்தால் தினமும் இருவழிக்கும் டிக்கெட். ஒரே சம்பளம், ஒரே பள்ளிக்கூடம், வீடு இருக்கும் இடம் மட்டும் வேறு. இரைச்சலுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள தெருவைப் பார்க்கச் சொல்லலாம். இருட்டிய பிறகு தனியாக நடந்து வரக்கூடிய வெளிச்சமான தெருவாக அது இருக்கவேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது.

எல்லார் வீட்டிலும் டூ வீலர் நிற்கிற காலத்தில் பஸ்ஸைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்ற மறுப்பு இதைவிட வலுவானது. டூ வீலர் ஒருவருடைய வேலையைத்தான் தீர்க்கும். குடும்பம் ஒருவரால் ஆனதல்ல. கல்லூரிக்குப் போகும் பெண், மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போகவேண்டிய பெரியவர், ஊரிலிருந்து வந்துபோகும் தாயார் எல்லாருக்கும் ஒரே வண்டி பங்குக்கு வராது. தேசிய நெடுஞ்சாலையில் தினமும் எண்பது கிலோமீட்டர் பைக்கில் போய்வருவது ஆபத்து என்பதைச் சொல்லிப் புரியவைக்கவேண்டியதில்லை. மழைக்காலத்தில், இடுப்புவலி வந்த பிறகு, வண்டி பழுதான நாளில், அந்த ஆளும் வந்து நிற்கும் இடம் பஸ் நிறுத்தம்தான்.

நான் மிகவும் மதிக்கும் மறுப்பு வேறொன்று. வேலை மட்டுமா இடம் மாறுகிறது, பஸ் நிலையமும்தானே மாறுகிறது? செஞ்சியிலிருந்து சென்னைக்குப் பிழைக்கப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு காலத்தில் வெளியூர் பஸ் பாரிமுனையில் நின்றது. 2002இல் கோயம்பேட்டுக்குப் போனது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் திறந்த பிறகு திண்டிவனம் மார்க்கத்து வண்டிகள் அங்கே போயின. ஊருக்குப் போகச் சௌகரியம் என்று கோயம்பேட்டை ஒட்டி வீடு எடுத்தவருக்கு அந்தச் சௌகரியம் போய்விட்டது. இந்த மறுப்பு என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை, இன்னும் கூர்மையாக்குகிறது. கட்டடம் மாறும், தடம் எளிதில் மாறாது. பாரிமுனையிலிருந்து புறப்பட்டாலும் கிளாம்பாக்கத்திலிருந்து புறப்பட்டாலும் செஞ்சி வண்டி போனது தாம்பரத்துக்குத் தெற்கே அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான். அதை ஒட்டியே 1931 முதல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடுகிறது. சைதாப்பேட்டை, மாம்பலம் தொடங்கித் தாம்பரம்வரை குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் குடியேற அந்த ரயில் எப்படித் துணைநின்றது என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த கதை. ரயிலும் சாலையும் சேர்ந்துபோகும் அந்தத் தடத்தில் வீடு எடுத்த செஞ்சிக்காரருக்கு மூன்று பஸ் நிலையம் மாறியும் பெரிய நட்டமில்லை.

இதே அளவுகோலால், இன்னும் வராத தடத்தை நம்பி வீடு வாங்குவது கூடாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு 71 கிலோமீட்டர் புதிய ரயில் பாதை 2006–07 ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்றது. 130 ஆண்டாகத் தண்டவாளம் ஒதுக்கிய ஊருக்கு அது எவ்வளவு பெரிய செய்தி! அந்தப் பாதை வரவேண்டும், அதற்காகக் குரல் கொடுப்பவர்கள் பக்கம்தான் நானும். ஆனால் ரயில்வே அமைச்சகம் அண்மை ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, அதற்குத் தேவையான 273 ஹெக்டேர் நிலத்தில் கையகப்படுத்தியது 33 ஹெக்டேர். அறிவிப்பில் ஓடும் ரயிலில் யாரும் வேலைக்குப் போக முடியாது. இன்றைய தேதியில் செஞ்சியில் இருந்து வேலைக்குப் போய்வர இருப்பது பஸ் மட்டுமே.

ஆகவே செஞ்சிக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் போய், நீங்கள் போகவேண்டிய திசைக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, இரவில் அங்கிருந்து திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அடுத்த மாற்றல் எந்தத் திசையில் விழுந்தாலும் அதே வீட்டிலிருந்து போய்வர முடியுமா என்பதையும் அங்கேயே விசாரித்துவிடுங்கள்.